பிரண்டைச் சாறும் ஸ்டெம் செல்லும்: பிளேட்டில் கோளாறு வந்தால் எங்கே தேடுவது

காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் அமத்தா (அம்மாவின் அம்மா) ஊரில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். வேலி நெடுகப் பிரண்டை ஏறிக் கிடக்கும். ஆடு மேய்க்கப் போன இடத்தில் கையை முறித்துக்கொண்டு வந்த பையனுக்கு அதை அரைத்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறார்கள். புராஜெக்ட் தலைப்பு என்று வந்தால் பிரண்டை, முருங்கைக் கீரை, சின்ன வெங்காயம் என்று நம் மண்ணில் விளைவதைத்தான் எடுக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த விஷயம். மூன்று வாரம் செல் வளர்த்து, கடைசி நாளில் சாயம் ஊற்றி, வந்த நிறத்தை அப்படியே நம்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சோதனை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய தாய்ச் செல். நம் கையில் இருப்பது பெரும்பாலும் மீசென்கைமல் ஸ்டெம் செல். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி, பிடுங்கிய பல்லின் கூழ் என்று பல இடங்களிலிருந்து எடுக்கலாம். செல் வளரும் ஊட்டக் கரைசலான மீடியத்தில் டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) மில்லிக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார் சேர்த்து 21 நாள் வைத்தால் செல் எலும்பின் பக்கம் போகும். இதை எலும்புக் கலவை என்கிறேன். டெக்ஸாமெத்தசோனைக் கூட்டி, இன்சுலின், ஐ.பி.எம்.எக்ஸ்., இண்டோமெத்தசின் சேர்த்தால் கொழுப்பின் பக்கம் போகும். குவெர்செடின், கேம்ப்ஃபெரால், ஜெனிஸ்டீன், நாரிஞ்சின், இகாரின் போன்று செடிகளில் இயல்பாக உள்ள ஃபிளேவனாய்டு என்ற பொருள்கள் செல்லை இந்த இரண்டு வழியில் எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பதுதான் கேள்வி.

நான் பார்த்த வரையில் கோளாறு செல்லில் இருப்பது குறைவு. ஃபிளேவனாய்டு எதையும் சும்மா விடாத பொருள். காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேரும், இரும்போடு சேரும், புரதத்தில் ஒட்டும், நாம் ஊற்றுகிற சோதனைச் சாயத்தோடும் வினை புரியும். ஆகவே கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: செல்லே இல்லாத ஒரு வெல்லில் (பிளேட்டில் செல் வளர்க்கும் குழி) அதே மீடியம், அதே சாறு, அதே நாள் கணக்கு வைத்துப் பாருங்கள். இதைக் காலி வெல் என்றே சொல்கிறேன்.

மீடியத்தில் ஊசி ஊசியாக மின்னுகிறது

குவெர்செடின் தண்ணீரில் கரையவே கரையாது என்று வைத்துக்கொள்ளலாம். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் நன்றாகக் கரையும். அந்தக் கரைசலைக் குளிர்ந்த மீடியத்தில் ஒரே அடியாக விட்டால், கரைந்தது மறுபடி வெளியே வந்து மஞ்சள் ஊசிகளாகப் படியும். சில நேரம் ஊசியாக இல்லாமல் பொடிப் பொடியாக இருக்கும். பாக்டீரியா என்று நினைத்துப் பிளேட்டையே கொட்டிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு லேப்பில், மூன்றாவது வாரம் இந்தப் படிவையே எலும்பின் தாதுக் கட்டிகள் என்று உட்கார்ந்து எண்ணிப் படமெடுத்து வைத்தேன். காலி வெல் வைத்திருந்தால் அதிலும் அதே கட்டிகள் இருந்திருக்கும். வைக்கவில்லை. அந்த மூன்று வாரமும், செல்லுக்கு ஊட்டமாக மீடியத்தில் சேர்த்த சீரமும் போயின.

சரி, எப்படிக் கரைப்பது? 10 மில்லிமோலார் ஸ்டாக், அதாவது செறிவான மூலக் கரைசல், வேண்டுமானால் 1 மில்லி டி.எம்.எஸ்.ஓ.வுக்குக் குவெர்செடின் 3.02 மில்லிகிராம். பாட்டிலில் டைஹைட்ரேட் என்று எழுதியிருந்தால் 3.38 மில்லிகிராம். இதைக் கவனிக்காமல் விட்டால் நீங்கள் 10 என்று நினைப்பது உண்மையில் 9-க்குக் கீழே இருக்கும். மீடியத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, சீரம் சேர்த்த பிறகு, குலுக்கிக்கொண்டே துளித் துளியாக விடுங்கள். சீரத்தில் உள்ள ஆல்புமின் குவெர்செடினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீரம் இல்லாத மீடியத்தில் அது சீக்கிரம் படிந்துவிடும். ஸ்டாக்கைச் சின்னச் சின்ன டியூபாகப் பிரித்து, ஃபாயில் சுற்றி, மைனஸ் 20-ல் வையுங்கள். ஒரு டியூபை ஒரு தடவைக்கு மேல் உருக்க வேண்டாம்.

10 மில்லி மீடியத்துக்கு 10 மைக்ரோலிட்டர் ஸ்டாக் என்றால் 10 மைக்ரோமோலார் வரும், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதம் நிற்கும். அதற்கு மேல் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டி.எம்.எஸ்.ஓ. வெறும் கரைப்பான் மட்டும் இல்லை. எச்.எல்.60 என்ற ரத்தப் புற்றுச் செல்லை முதிர்ந்த வெள்ளணு மாதிரி மாற்றுவதற்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலான டி.எம்.எஸ்.ஓ.வே போதும், பி.19 செல்லை இதயத் தசையாக மாற்றவும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். செல்லை மாற்றக்கூடிய ஒரு திரவத்தை விதவிதமான அளவில் ஊற்றிவிட்டு, மாற்றத்துக்குப் பிரண்டைதான் காரணம் என்று சொல்ல முடியாது. 1, 5, 10, 20 மைக்ரோமோலார் வேண்டுமென்றால் முதலில் டி.எம்.எஸ்.ஓ.விலேயே நான்கு ஸ்டாக் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவு எடுத்து மீடியத்தில் விடுங்கள். கன்ட்ரோலுக்கும் அதே அளவு வெறும் டி.எம்.எஸ்.ஓ. போக வேண்டும்.

ஒரே ராத்திரியில் செல் எல்லாம் மிதக்கிறது

அளவு கூடிப்போயிருக்கலாம். குவெர்செடின் 50 மைக்ரோமோலாரைத் தாண்டினால் பல வகைச் செல்கள் தாங்குவதில்லை. ஆனால் 10, 20-லேயே இப்படி நடந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தேகப்படுங்கள். கிரீன் டீயின் ஈ.ஜி.சி.ஜி., குவெர்செடின், மிரிசெட்டின் இவையெல்லாம் மீடியத்தில் கரைந்த ஆக்ஸிஜனோடு தாமாகவே வினை புரிந்து பெராக்சைடை உண்டாக்கும். செல்லைக் கொல்வது அந்தப் பெராக்சைடாக இருக்கும். உடம்புக்குள் இது இப்படி நடப்பதில்லை. பிளேட்டில், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் மீடியத்தில் நடப்பது.

கண்டுபிடிக்க எளிய வழி கேட்டலேஸ் நொதி. ஒரு வரிசை வெல்லில் ஃபிளேவனாய்டு மட்டும், அடுத்த வரிசையில் ஃபிளேவனாய்டும் கேட்டலேஸும். இரண்டாவது வரிசை பிழைத்துக்கொண்டால் கொன்றது பெராக்சைடுதான். சோடியம் பைருவேட்டும் பெராக்சைடைத் தின்றுவிடும். டி.எம்.இ.எம். என்ற மீடியம் பைருவேட் உள்ளதாகவும் இல்லாததாகவும் விற்கிறது, பாட்டில் லேபிளைப் படியுங்கள். ஆல்ஃபா எம்.இ.எம். என்ற மீடியம் என்றால் அதில் பைருவேட் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்து லேப்பில் நன்றாக வரும் சோதனை உங்களிடம் செல்லைக் கொல்வதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

இதே ஆக்ஸிஜன் வினைக்கு இன்னொரு முகமும் உண்டு. மஞ்சளாக ஊற்றிய மீடியம் மறுநாள் பழுப்பாகத் தெரிந்தால், நீங்கள் போட்ட ஃபிளேவனாய்டு அதே வடிவத்தில் இல்லை. 37 டிகிரியில், கொஞ்சம் காரமான மீடியத்தில், குவெர்செடின் மணிக்கணக்கில் சிதையும், ஈ.ஜி.சி.ஜி. அதைவிட வேகம். மூன்று நாளைக்கு ஒரு தடவை மீடியம் மாற்றினால், அந்த மூன்று நாளில் பெரும்பகுதி நேரம் செல் பார்ப்பது சிதைந்த துணுக்குகளைத்தான். அஸ்கார்பிக் அமிலம் இருந்தால் சிதைவு மெதுவாகும். எலும்புக் கலவையில் அது உண்டு, சாதாரண மீடியத்தில் இல்லை. எனவே 'எலும்புக் கலவையில் மட்டும்தான் குவெர்செடின் வேலை செய்கிறது' என்று கண்டால், அங்கே அது நீடித்து நின்றதுதான் காரணமா என்று பாருங்கள். தினமும் மீடியம் மாற்றி ஒரு தடவை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆல்ஃபா எம்.இ.எம்.மில் அஸ்கார்பிக் அமிலமும் ஏற்கெனவே லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கிறது. அது இல்லாத வகையும் தனியாகக் கிடைக்கும்.

எம்.டி.டி. 140 சதவீதம் காட்டுகிறது, மைக்ரோஸ்கோப்பில் செல் பாதிதான் இருக்கிறது

மைக்ரோஸ்கோப்பை நம்புங்கள்.

எம்.டி.டி. மஞ்சள் உப்பு. உயிருள்ள செல் அதை ஒடுக்கி ஊதாவாக்கும். ஊதா கூடினால் செல் கூட என்று கணக்கு. ஆனால் குவெர்செடின், லூட்டியோலின் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் உள்ள ஃபிளேவனாய்டுகள் செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஒடுக்கிவிடும். முருங்கைக் கீரைச் சாறு இதில் ரொம்ப மோசம். வைட்டமின் சி-யும் கூடச் சேர்ந்துகொள்ளும். நம் மாணவர்களின் புராஜெக்ட்களில் 'இந்த மூலிகை ஸ்டெம் செல்லைப் பெருக்குகிறது' என்று வருகிற முடிவுகளில் எத்தனை இப்படி வந்தனவோ என்ற பயம் எனக்கு உண்டு.

சாறு உள்ள மீடியத்தை முழுக்க உறிஞ்சி எடுங்கள். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலால் இரண்டு தடவை கழுவுங்கள். புது மீடியத்தில் எம்.டி.டி. கொடுங்கள். காலி வெல்லின் ஊதாவைக் கழியுங்கள். இவ்வளவு செய்தாலும் செல்லுக்குள் போய்விட்ட ஃபிளேவனாய்டு கொஞ்சம் வினை புரியும். அதனால் செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் புளூ போட்டுக் கையால் எண்ணியோ, டி.என்.ஏ. அளவு பார்த்தோ ஒரு தடவையாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள். புரத அளவை வைத்து ஒப்பிடுகிறவர்கள் பி.சி.ஏ. முறையிலும் இதே ஆபத்து இருப்பதை மறக்க வேண்டாம். அதுவும் தாமிரத்தை ஒடுக்குகிற வேதியியல்தான்.

கிட்டத்தட்ட இதே கதை, எலும்பு வழியில் கூடுகிற நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸின் சோதனையிலும் உண்டு. ஏழாம் நாள், பதினான்காம் நாள் செய்வோமே, அந்த மஞ்சள் நிறச் சோதனை. கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி நிறுத்தி 405 நானோமீட்டரில் படிப்போம். ஈரோட்டு மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் சிவக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வருகிறது. காரம் பட்டால் நிறம் மாறுகிற அந்தக் குணம் குவெர்செடின் மாதிரி ஃபிளேவனால்களுக்கும் உண்டு. அவை இன்னும் ஆழ்ந்த மஞ்சளாகும். நீங்கள் படிப்பது நொதி உண்டாக்கிய மஞ்சளா, வெங்காயத் தோலின் மஞ்சளா? காலி வெல்தான் சொல்லும். (மஞ்சளில் உள்ள குர்குமின் ஃபிளேவனாய்டு இல்லை, வேறு குடும்பம். அதையும் ஃபிளேவனாய்டு என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டுகளைத் திருத்தியிருக்கிறேன்.)

அலிசரின் ரெட் போட்டால் பிளேட் முழுக்கச் சிவக்கிறது, கன்ட்ரோலும்

இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 21-ஆம் நாள் சிவப்பு வந்தால் எலும்பு வந்தது என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அலிசரினுக்குத் தெரிந்தது கால்சியம் மட்டும். அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். நம் பக்கம் ஆற்றுத் தண்ணீர் தனி, உப்புத் தண்ணீர் தனி. போர் தண்ணீரில் கால்சியம் எக்கச்சக்கம். சாயம் போடுவதற்கு முன்னோ பின்னோ குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்தக் கால்சியமே அலிசரினோடு சேர்ந்து சிவப்பாகப் படியும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவரிடம் உப்புத் தண்ணீரில் சாயம் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், நம் லேப்பில் பலருக்குத் தெரியாததை அவர் சொல்வார். அலிசரினே ஒரு காலத்தில் வேரிலிருந்து எடுத்த துணிச் சாயம்தான். தமிழ்நாட்டுச் சாயவேரிலும் அது இருக்கிறது. 1868-ல் ஜெர்மனியில் கிரேபவும் லீபர்மானும் அதைச் செயற்கையாகச் செய்த பிறகு வேருக்கு வேலை போயிற்று. கழுவ எப்போதும் டிஸ்டில்டு தண்ணீர். சாயத்துக்கு முந்தின கடைசிக் கழுவலுக்கு பி.பி.எஸ்.-கூட வேண்டாம், அதில் பாஸ்பேட் இருக்கிறது.

அடுத்தது பி.எச். 4.1-லிருந்து 4.3-க்குள் நிற்க வேண்டும். அமோனியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சரிசெய்து, அன்றே வடிகட்டி ஊற்றுங்கள். பழைய பாட்டிலில் பி.எச். நகர்ந்திருக்கும், படிவும் இருக்கும்.

மூன்றாவது காரணம்தான் மோசமானது. செத்த செல்லும் சிவக்கும். 10 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட் உள்ள மீடியத்தில் செல் செத்துக் குவிந்தால், அந்தக் குப்பையின் மேல் கால்சியம் பாஸ்பேட் தானாகவே படியும். எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாறின் அளவு கூடக் கூடச் சிவப்பும் கூடுகிறது, ஆனால் செல் எண்ணிக்கை குறைகிறது என்றால் இதைத்தான் பார்க்கிறீர்கள். அங்கே எலும்புச் செல்லின் அடையாளங்களான ஆல்கலைன் பாஸ்படேஸ், ரன்எக்ஸ்2, ஆஸ்டியோகால்சின் மூன்றும் எப்படிப் போகின்றன என்று சேர்த்துப் பாருங்கள். உண்மையான எலும்பு வழியில் ரன்எக்ஸ்2 முன்னால் எழும், பாஸ்படேஸ் நடுவில், ஆஸ்டியோகால்சின் கடைசியில். இந்த வரிசை எதுவும் இல்லாமல் சிவப்பு மட்டும் வந்தால் அதை எழுதக் கூடாது.

பிரண்டைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. பிரண்டையைத் தோல் சீவும்போது கை அரிக்கிறதே, அது கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். அதனால்தான் துவையலுக்கு எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்கிறோம். சாறை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் ஊசி நின்றுவிடும், கரைந்த கால்சியம் நிற்காது. சாறில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று அளந்து, அதே அளவு கால்சியம் குளோரைடு போட்ட ஒரு கன்ட்ரோல் வையுங்கள். பிரண்டையில் வைட்டமின் சி-யும் உண்டு. எலும்புக் கலவையில் நாம் காசு கொடுத்துச் சேர்க்கிற அதே பொருள். சாதாரண மீடியத்தில் பிரண்டைச் சாறு வேலை செய்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிவக்கவே இல்லை

பல நேரம் காரணம் சின்னது. ஒவ்வொரு தடவை மீடியம் மாற்றும்போதும் அஸ்கார்பிக் அமிலம் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய கரைசல் செத்திருக்கும். செல் ஏழெட்டுப் பாசேஜ் (பெருகிய செல்லைப் பிரித்துப் புதுப் பிளேட்டுக்கு மாற்றும் தடவை) தாண்டியிருந்தால் கிழடு தட்டியிருக்கும். 3-லிருந்து 5-க்குள் வேலையை முடியுங்கள். எலும்பாகவும் மாறவில்லை, கொழுப்பாகவும் மாறவில்லை என்றால் அது ஸ்டெம் செல்தானா என்றே பாருங்கள். பல் கூழிலிருந்து எடுத்ததில் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் நிறைய வந்திருக்கலாம். 2006-ல் செல் சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம் வகுத்த அளவுகோல்: பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும், செல்லின் மேல் உள்ள அடையாளப் புரதங்களில் சி.டி.73, 90, 105 மூன்றும் 95 சதவீதச் செல்லில் இருக்க வேண்டும், சி.டி.45, 34 முதலியவை 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு மூன்றாகவும் மாற வேண்டும். மனிதத் திசு எடுப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழு அனுமதி, ஸ்டெம் செல் குழு அனுமதி இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

எலும்புக் கலவை நன்றாகச் சிவக்கிறது, ஃபிளேவனாய்டு சேர்த்ததும் அதே சிவப்புதான் என்றால் நிராசை வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் அவ்வளவு பலமாகத் தள்ளும்போது, மெல்லத் தள்ளுகிற ஒன்று அதன் மேல் தெரியாது. கலவையைப் பாதி பலத்தில் வைத்து, 21-க்குப் பதில் 10, 14-ஆம் நாளில் பாருங்கள்.

குறைந்த அளவில் எலும்பு, கூட்டினால் கொழுப்பு

இது கோளாறே இல்லை. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நடத்தை இதுதான். சோயாவின் ஜெனிஸ்டீன் குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பிடித்து எலும்பின் பக்கம் தள்ளுகிறது. அளவு கூடினால் பி.பி.ஏ.ஆர். காமாவைப் பிடிக்கிறது; அது கொழுப்புச் செல்லின் தலைமைச் சாவி. ஒரே பொருள், ஒரே செல், அளவு மட்டும் வேறு. ஒரே ஒரு அளவில் செய்து பார்த்துவிட்டு 'எலும்புக்கு நல்லது' என்றோ 'கெட்டது' என்றோ எழுதுகிறவர் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார். குவெர்செடின் பற்றியும் இரண்டு விதமாக முடிவுகள் வந்திருப்பதற்கு அளவும் செல் வகையும் பெரிய காரணம். குறைந்தது ஐந்து அளவு வையுங்கள், 0.1 மைக்ரோமோலாரிலிருந்து தொடங்குங்கள்.

ஜெனிஸ்டீன் வைப்பவர்கள் மீடியத்தின் ஃபீனால் ரெட்டைக் கவனிக்க வேண்டும். பி.எச். காட்டுவதற்காகப் போட்டிருக்கும் அந்தச் சிவப்புச் சாயத்துக்கே லேசாக ஈஸ்ட்ரோஜன் குணம் இருக்கிறது. சீரத்திலும் ஹார்மோன் இருக்கிறது. ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், கரியில் சுத்திகரித்த சீரம் இரண்டும் வாங்கியே ஆக வேண்டும். விலைதான் கூட.

அளவைக் கூட்டினால் எல்லாமே நின்றுவிடுகிறது என்றால் அதற்கும் விளக்கம் உண்டு. குவெர்செடின் பல கைனேஸ்களைத் தடுக்கும்; செல்லுக்குள் சமிக்ஞை கடத்த உதவும் நொதிகள் அவை. செல் ஆய்வுக்கூடங்களில் பி.ஐ.3 கைனேஸைத் தடுக்கப் பயன்படும் எல்.ஒய்.294002 என்ற மருந்தே குவெர்செடினின் வடிவத்தை வைத்து உருவாக்கியதுதான். செல் வளரவும் உயிர்வாழவும் வேண்டிய பாதையையே அடைத்துவிட்டால் அது எலும்பாகவும் ஆகாது, கொழுப்பாகவும் ஆகாது.

தூய குவெர்செடின் வேலை செய்கிறது, வெங்காயச் சாறு செய்யவில்லை

தாராபுரம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தில் குவெர்செடின் நிறைய இருக்கிறது, சரி. ஆனால் சதையில் அது தனியாக இல்லை, சர்க்கரையோடு கட்டுண்ட கிளைகோசைடாக இருக்கிறது. தனிக் குவெர்செடின் கூடுதலாக இருப்பது நாம் ஊதித் தள்ளுகிற காய்ந்த மேல் தோலில். சர்க்கரை ஒட்டிய வடிவம் செல்லுக்குள் அவ்வளவு எளிதாகப் போகாது. முருங்கைக் கீரையிலும் அப்படித்தான், பெரும்பகுதி கிளைகோசைடு. சாறை அமிலத்தில் கொதிக்க வைத்துச் சர்க்கரையைப் பிரித்து, பிரிக்காததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். உலர்ந்த சாறில் குவெர்செடின் 1 சதவீதம் இருக்கிறது என்று வைத்தால், மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சாறில் குவெர்செடின் 1 மைக்ரோகிராம், அதாவது 3.3 மைக்ரோமோலார். இதைத் தூய குவெர்செடின் 20 மைக்ரோமோலாரோடு ஒப்பிட்டு 'சாறு பலவீனம்' என்று சொல்வது நியாயமில்லை. அலுமினியம் குளோரைடு நிறமானியில் வந்த 'மொத்த ஃபிளேவனாய்டு' எண்ணை வைத்தும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அந்த முறைக்கு நாரிஞ்சின் மாதிரி ஃபிளேவனோன்கள் சரியாகத் தெரியாது. கலவையில் உள்ளவற்றைப் பிரித்துத் தனித்தனியாக அளக்கும் எச்.பி.எல்.சி. ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். சாறு வேலை செய்யும், அதில் உள்ள ஃபிளேவனாய்டைத் தனியாகப் போட்டால் செய்யாது. பிரண்டையில் ஸ்டீராய்டு வகைகளும் ஸ்டில்பீன்களும் டிரைடெர்பீன்களும் இருக்கின்றன. எத்தில் அசிடேட், பியூட்டனால் என்று பிரித்து, எந்தப் பிரிவில் அந்த வேலை தங்கியிருக்கிறது என்று துரத்த வேண்டும். ஃபிளேவனாய்டு பிரிவில் வேலை இல்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள், முடிவை மாற்றாதீர்கள்.

போன மாசம் வந்தது, இந்த மாசம் வரவில்லை

செடி ஒன்றா? மூலனூர் மரமுருங்கை வேறு, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கை வேறு. கீரையைச் சந்தையில் வாங்கினால் எந்த மரம், எந்த வயது இலை, மருந்து எப்போது அடித்தது என்று எதுவும் தெரியாது. ஒரே தோட்டம், ஒரே வாரம், ஒரே தடவையில் முழு வேலைக்கும் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, காற்றுப் புகாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையை ஹெர்பேரியத்தில் அடையாளம் காட்டி எண் வாங்குங்கள். கோவையில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. சீரமும் அப்படித்தான், லாட் மாறினால் முடிவு மாறும்.

பங்குனி, சித்திரையில் மட்டும் கெடுகிறது என்றால் இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். காய்ந்திருக்கும், அல்லது போர் தண்ணீர் ஊற்றி உப்புப் பூத்திருக்கும். 96 வெல் பிளேட்டில் ஓரத்து 36 வெல்லில் தண்ணீர் ஆவியாகி ஃபிளேவனாய்டின் அடர்த்தி கூடிவிடும். ஓரத்தில் பி.பி.எஸ். ஊற்றிவிட்டு உள்ளே இருக்கும் 60-ல் மட்டும் சோதனை செய்யுங்கள். கரண்ட் போய் வந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

செல் திடீரென்று அழற்சிக் குணம் காட்டினால் பாக்டீரியாவின் விஷமான எண்டோடாக்சினைச் சந்தேகப்படுங்கள். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைத்தான் நிறுத்தும், அதன் விஷத்தை நிறுத்தாது. வயலிலிருந்து வந்த சாறு எதையும் அந்த விஷத்தைக் காட்டும் எல்.ஏ.எல். சோதனை செய்யாமல் ஸ்டெம் செல்லில் ஊற்றாதீர்கள்.

எல்லா வெல்லும் பச்சையாக ஒளிர்கிறது

செல்லுக்குள் புரதத்தில் ஒட்டிய குவெர்செடின் 488 நானோமீட்டர் ஒளியில் தானே பச்சையாக ஒளிரும். ஆன்டிபாடிக்குச் சிவப்பு அல்லது அதற்கு அப்பால் ஒளிரும் சாயத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜீன் விழித்தால் ஒளி தரும் லூசிஃபெரேஸ் ரிப்போர்ட்டர் வைத்து எந்த ஜீன் விழித்தது என்று பார்ப்பவர்களுக்கும் எச்சரிக்கை: பல ஃபிளேவனாய்டுகள் லூசிஃபெரேஸ் நொதியையே தடுக்கும். ஜீன் விழித்திருந்தாலும் வெளிச்சம் குறைந்து காட்டலாம்.

பிளேட்டில் வந்தது, எலியில் வரவில்லை

வெங்காயத்தோடு தின்ற குவெர்செடின் குடல் சுவரிலும் கல்லீரலிலும் குளுகுரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாறித்தான் ரத்தத்துக்கு வருகிறது. தனிக் குவெர்செடின் ரத்தத்தில் இருப்பது அபூர்வம். மாறிய வடிவமும் பெரும்பாலும் ஓரிரு மைக்ரோமோலாருக்குள். பிளேட்டில் 20 மைக்ரோமோலார் தனிக் குவெர்செடின் ஊற்றிவிட்டு எலி ஏன் அப்படி நடக்கவில்லை என்று கேட்டால், எலியின் மஜ்ஜைச் செல் அந்தப் பொருளையே பார்க்கவில்லை என்பதுதான் பதில். அழற்சி உள்ள இடத்தில் ஒரு நொதி குளுகுரோனைடைப் பிரித்துத் தனிக் குவெர்செடினை விடுவிக்கலாம். முறிந்த எலும்பும் அழற்சி உள்ள இடம்தான், அதனால் கதவு முழுக்க மூடவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அமத்தா கேட்டார்: "ஏஞ்சாமி, நீ படிக்கறதுல பெரண்டை எலும்ப ஒட்ட வெக்குமாமா?" பிளேட்டில் சில அளவில் செல்லை அந்தப் பக்கம் தள்ளுகிறது, ஆளுக்கு என்ன செய்யும் என்று எங்கள் பிளேட்டை வைத்துச் சொல்ல முடியாது, கை முறிந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றேன். "துவையல் அரைக்கலாமல்லொ?" என்றார். அரைக்கலாம் அமத்தா, தாராளமாக என்றேன்.

இப்போது குவெர்செடின்-3-குளுகுரோனைடு 1 மைக்ரோமோலாரில் ஒரு பிளேட் வைத்திருக்கிறேன். எலும்புக் கலவை பாதி பலம், மீடியம் தினமும் மாற்றம், ஓரத்தில் பி.பி.எஸ்., ஆறு காலி வெல். இன்றைக்குப் பதினோராம் நாள்.